கையடக்க இசைக் கருவி நம் இல்லத்திற்கு ஏற்றதா?

ஒரு கருவியை வாங்குமுன் அதன் விலையைக் கேட்பது இயல்பு. அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கேட்பதும் இயல்பு. இசைக் கருவியைப் பொறுத்தவரை இவ்விரண்டிற்கும் மேலான கேள்வி ஒன்று உண்டு. எவருடைய இசையை மனத்திற்கொண்டு அக்கருவி செய்யப்பட்டது என்பதே அது. இதனைக் கேளாமல் வாங்குவோர், பிறர் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை விலை கொடுத்து வாங்கியவர் ஆவர்.

சென்ற சில திங்களாக நமக்கு வரும் கடிதங்களுள் ஒரே பொருள் பற்றியவை சில இருந்தன. வளைகுடா நாடுகளில் பணியாற்றித் திரும்பிய உறவினர் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்து தந்த சிறு இசைக் கருவிகள் பல வீடுகளின் அலமாரிகளில் உறங்குகின்றன. 'எம்.பி.3 பிளேயர்' என்று அவற்றை அழைத்தோம். கைப்பேசியிலேயே எல்லாப் பாட்டும் கிடைக்கும் இந்நாளில் அவற்றைப் பழைய சாமான் வாங்குவோரிடம் போட்டுவிடலாமா என்று அன்பர்கள் வினவுகின்றனர். அதே கடிதங்களில் வேறொரு செய்தியும் தற்செயலாக வந்துவிழுகிறது. வீட்டில் ஒரு பெட்டி நிறைய ஒலிநாடாக்கள் உள்ளன. பாட்டியார் பாடிய தாலாட்டும், திருமணத்தில் பெண்கள் பாடிய நலங்குப் பாட்டும் அவற்றில் உள்ளன. அவற்றை ஒலிக்கச் செய்யும் கருவி மட்டும் பழுதாகிவிட்டது என்கின்றனர். முதல் வினாவிற்குரிய விடை இந்த இரண்டாம் செய்தியில் அடங்கியுள்ளது என்பது நம் கருத்து. ஆகவே இத்திங்கள் அக்கருவிகளை நம் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்ப்போம்.

கருவி வந்த வழி

1963-இல் ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் நிறுவனம் கேசட் ஒலிநாடாவை உலகிற்கு அளித்தது. 1979-இல் ஜப்பானிய சோனி நிறுவனம் வாக்மன் என்ற சிறு கருவியை வெளியிட்டு, நடந்துகொண்டே பாட்டுக் கேட்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தது. அதன்பின் நாடாவும் இல்லாமல், தட்டும் இல்லாமல், எண்களாகவே இசையைச் சேமிக்கும் கருவி 1998-இல் வந்தது. தென்கொரியாவின் சேஹான் நிறுவனம் செய்த எம்.பி.மேன் முதலில் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் டைமண்ட் நிறுவனம் ரியோ என்ற கருவியை 200 டாலர் விலையில் வெளியிட்டது. இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் அதைத் தடுக்க வழக்குத் தொடுத்தது. 1998 அக்டோபரில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. 1999 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவை உறுதிசெய்தது. தன் கணினியில் ஏற்கெனவே உள்ள பாட்டை ஒருவர் தன்னோடு எடுத்துச் செல்வதற்கே அக்கருவி துணைசெய்கிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் 399 டாலர் விலையில் வந்தது. உலகம் முழுதும் பரவிய அவ்வரிசைக்கு 2022 மே திங்களில் அந்நிறுவனமே முற்றுப்புள்ளி வைத்தது.

இக்கருவிகள் அனைத்திற்கும் அடிப்படையான எம்.பி.3 முறை ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் உள்ள பிரான்ஹோபர் ஆய்வுக்கழகத்தில் பெரும்பாலும் உருவாயிற்று. குறுந்தட்டில் ஒரு நொடி இசைக்கு ஏறத்தாழ 14 லட்சம் பிட்டுகள் தேவை. எம்.பி.3 முறையில் அதே நொடிக்கு 1,28,000 பிட்டுகளே போதும் என்று ஆக்கினர். பதினொன்றில் ஒரு பங்கு! பத்துப் பங்கு எங்கே போயிற்று என்ற ஐயம் எழும். உரத்த ஓர் ஒலி எழும்போது அதனை அடுத்த சுருதியில் உள்ள மெல்லொலியைச் செவி உணர்வதில்லை. திருவிழாக் கூட்டத்தில் செண்டை முழங்கும்போது அருகில் நிற்பவர் முணுமுணுப்பது கேளாததைப் போன்றது அது. செவி உணராதவற்றை விட்டுவிட்டு எஞ்சியதை மட்டும் எழுதிக்கொள்வதே அம்முறையின் நுட்பம்.

கொள்ளளவு

முதற் கருவிகளின் நினைவகம் 32 மெகாபைட். நொடிக்கு 1,28,000 பிட் என்று கணக்கிட்டால் அதில் ஏறத்தாழ 35 நிமிட இசை அடங்கும். அறுபது நிமிடக் கேசட் ஒன்றின் ஒரு பக்கத்தில் 30 நிமிடம் அடங்கும். ஆக 200 டாலர் கொடுத்து வாங்கிய அந்தப் புதுமை, சில ரூபாய் பெறுமான கேசட்டின் ஒரு பக்கத்தைவிடச் சற்றே கூடுதலாகக் கொண்டது. மேனாட்டார் அதில் எட்டுப் பாடல்களோ பத்துப் பாடல்களோ அடங்கும் என்று மகிழ்ந்தனர். அவர்தம் பாடல் மூன்று நான்கு நிமிட அளவினது. நம் திரைப்பாடலும் ஏறக்குறைய அவ்வளவே.

ஆனால் கிழக்கேகோட்டையில் வாழும் நமக்கு வேறோர் அளவுகோலும் உண்டு. ஆண்டுதோறும் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரசுவதி தேவியின் திருவுருவம் ஊர்வலமாக இங்கு எழுந்தருள்கிறது. கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலைகள் கச்சேரி நிகழ்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் உரிய இராகத்தில் சுவாதித் திருநாள் மன்னர் இயற்றிய கீர்த்தனம் அன்றைய கச்சேரியின் நடுநாயகமாக விளங்குகிறது. கைதட்டல் இல்லாத அவ்வவையில் இசையை இசைக்காகவே கேட்கும் பழக்கம் நமக்கு வாய்த்திருக்கிறது. ஒரு மாலைக் கச்சேரி இரண்டரை மணி நேரம் என்று கொள்வோம். முதற் கருவியில் அதன் கால் பங்குகூட அடங்காது. இராக ஆலாபனை முடிந்து கீர்த்தனத்தின் அனுபல்லவியை எட்டுமுன் நினைவகம் நிரம்பிவிடும்.

ஐபாட்டின் முதல் வடிவம் 5 கிகாபைட் கொண்டது. ஆயிரம் பாடல்கள் அடங்கும் என்று விளம்பரம் செய்தனர். அக்கணக்கில் ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடமும் சில நொடிகளும் வைத்திருந்தனர். மொத்தம் ஏறத்தாழ 69 மணி நேரம். நவராத்திரியின் ஒன்பது மாலைகளுக்கு இருபத்திரண்டரை மணி ஆகும். ஆக மூன்று ஆண்டு நவராத்திரி இசை முழுதும் ஒரு கைக்குள் அடங்கும் என்பது நம் கணக்கு. ஆயிரம் பாட்டு என்பதைவிட இக்கணக்கு நமக்கு நன்கு விளங்குகிறது. 1902 முதல் வந்த பழைய இசைத்தட்டுகளில் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிட அளவே இடம் இருந்ததால், நம் பெரும் வித்துவான்கள் இராகத்தைச் சிமிழுக்குள் அடைத்துத் தர வேண்டியிருந்தது. அந்த நெருக்கடி இக்கருவியால் தீர்ந்தது என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

ஒலித்தரம்

செவி உணராததை மட்டுமே நீக்கினோம் என்று செய்தவர் கூறினாலும், எந்தச் செவி என்று நாம் கேட்கலாம். துணைக் கருவி எதுவுமின்றிச் சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி பாடிய ஒரு பாட்டை வைத்தே ஆய்வாளர் தம் முறையைப் பலகாலும் சோதித்துத் திருத்தினர். தனிக் குரலில் குறை எளிதில் வெளிப்பட்டுவிடும் என்பதே காரணம். நம் இசையில் குறை எங்கே வெளிப்படும்? இரண்டு இடங்களில். ஒன்று மிருதங்கம், கஞ்சிரா முதலியவற்றின் கூர்மையான அடி. பிட்டுகள் குறைந்தால் அடி விழுமுன்பே அதன் மங்கலான நிழல் ஒன்று கேட்கும். மற்றொன்று தம்புரா. அதன் தந்தியிலிருந்து அலையலையாக எழும் நுண்சுரங்கள், குறைந்த பிட்டுகளில் நீரில் கரைந்தாற்போல் குழம்பும். நொடிக்கு 64,000 பிட் வைத்து நினைவகத்தை மிச்சம் பிடித்தவர்கள் இதனை நன்கு உணர்ந்திருப்பர். 1,92,000 பிட்டும் அதற்கு மேலும் வைத்தால் வீட்டுச் செவிக்குக் குறை தோன்றாது.

இன்னொரு குறையும் உண்டு. குறுந்தட்டில் ஆலாபனை, கீர்த்தனம், சுரம், தனி ஆவர்த்தனம் என்று தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்திருப்பர். ஆயினும் அவை இடையறாது ஒலிக்கும். எம்.பி.3 முறையில் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது மௌனம் ஒட்டிக்கொள்கிறது. பழைய கருவிகள் ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றிற்குத் தாவும்போது சற்றே நின்று மூச்சு வாங்கும். திரைப்பாட்டில் இதனால் கேடில்லை. கச்சேரியில் தம்புராவின் சுருதி அறுந்து மீண்டும் ஒட்டுவது நெஞ்சில் தைக்கும். ஐபாட்டில் இக்குறை 2006-இல்தான் தீர்ந்தது. பாட்டுகளைக் கலைத்துப் போட்டு இசைக்கும் வசதியையும் பெருமையாகப் பேசினர். மங்களம் முடிந்தவுடன் வர்ணம் தொடங்கும் அவ்வேடிக்கையை நம் வீட்டு முதியோர் இரசித்ததாகத் தெரியவில்லை.

பெயரும் வரிசையும்

நமக்கு மிக முக்கியமாகத் தோன்றும் குறை இனிவருவதே. எம்.பி.3 கோப்பின் முடிவில் பாட்டின் விவரத்தைக் குறிக்க 1996-இல் ஒரு சிறு சீட்டு வகுத்தனர். அதன் அளவு 128 பைட். பாட்டின் பெயருக்கு 30, பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30 என்று இடம் ஒதுக்கினர். இயற்றியவர் பெயருக்குத் தனி இடம் இல்லை. பாடுவோர் மாறினாலும் இயற்றியவராலேயே பாட்டை அறியும் மரபு நம்முடையது. இதே திருவனந்தபுரத்தில் வாழ்ந்து தமிழில் கீர்த்தனங்கள் பாடிய நீலகண்ட சிவனுக்கும், இந்நகரில் இளமையைக் கழித்து அவர்பால் ஈடுபாடு கொண்ட பாபநாசம் சிவனுக்கும் அச்சீட்டில் அமர ஓர் இருக்கை இல்லை. இசைவகை என்று எண்பது பெயர்களை முதலில் பட்டியலிட்டிருந்தனர். அந்த எண்பதில் கருநாடக இசை இல்லை.

இனி வரிசை. ஆங்கில நெடுங்கணக்குப்படி பெயர்களை அடுக்கும் கருவி, நம் பாடகர்களை எவ்வாறு அடுக்கும்? எம்.எஸ். சுப்புலட்சுமியும், எம்.டி. இராமநாதனும், மதுரை மணி ஐயரும் ஒரே எழுத்தில் அடுத்தடுத்து நிற்பர். தந்தை பெயரும் ஊர்ப்பெயரும் முன்னெழுத்தாய் நிற்கும் நம் வழக்கம் அக்கருவிக்குத் தெரியாது. தமிழ் எழுத்துகள் 1991 முதலே உலகப் பொது எழுத்துமுறையான யூனிக்கோடில் இடம்பெற்றிருந்தும், மலிவான கருவிகள் பல அவற்றைக் காட்ட அறியவில்லை. தமிழில் பெயரிட்டால் திரையில் கேள்விக்குறிகளோ வெறும் கட்டங்களோ தோன்றின. ஆகவே மக்கள் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினர். ஆளுக்கொரு விதமாக எழுதினர். பிறகு தேடியபோது கிடைக்காமல் திகைத்தனர். பெயர் அறியாத இசை, முகவரி இல்லாத கடிதம் போன்றது. அது வந்துசேர வேண்டியவரிடம் வந்துசேராது.

இதற்கு ஒரு மருந்து நூறாண்டுக்கு முன்பே கையாளப்பட்டிருக்கிறது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கவுஹர் ஜான் என்ற பாடகியார் இசைத்தட்டுக்குப் பாடினார். பதிவான மூலத்தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று அச்சாகி வர வேண்டும். அங்குள்ளோர் மொழியறியார், ஆளறியார். ஆகவே பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரைத் தாமே உரக்கக் கூறினார். சீட்டு கிழியலாம், எழுத்து மாறலாம். குரலோடு பிறந்த பெயர் குரலோடு நிற்கும். அவ்வழியை நாமும் கைக்கொள்ளலாம்.

செவி வழி வரும் மொழி

நம் குடும்பங்களின் நிலையை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். இந்நகரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தமிழ் எழுத்தைத் தட்டுத் தடுமாறிப் படிப்போர் பலர். படிக்க இயலாதோரும் சிலர். அவர்களுக்குச் செவியே ஏடு. பாட்டியின் பாட்டில் வரும் ஒரு சொல்லைக் கேட்டுப் பொருள் கேட்கும் குழந்தை, எந்த வகுப்பிலும் கற்காத தமிழைக் கற்கிறது. திருநெல்வேலிப் பேச்சும், நாகர்கோவில் பேச்சும், கரமனைத் தெருக்களில் வழங்கும் தமிழும் அந்த ஒலிநாடாக்களில்தான் உயிரோடு உள்ளன. அச்சில் அவற்றைக் காண இயலாது.

இந்நோக்கில் இயர்போன் ஒரு பெருங்கேடு செய்தது. 1943-இல் இந்நகரில் வானொலி நிலையம் தொடங்கிய நாள் முதல், கூடத்தில் இருந்த ஒரு பெட்டி வீட்டார் அனைவருக்கும் பாடியது. சமையலறையில் இருந்த தாயும், திண்ணையில் இருந்த தாத்தாவும், பாடம் எழுதிய பிள்ளையும் ஒன்றையே கேட்டனர். கேட்க விரும்பாதவன் காதிலும் தமிழ் விழுந்தது. காதுக்குள் செருகும் கருவி வந்தபின் தந்தை கேட்பது மகனுக்குத் தெரியாது. மகள் கேட்பது தாய்க்குத் தெரியாது. மொழி பெரும்பாலும் காதில் தற்செயலாக விழுந்தே கற்கப்படுவது. ஆதலின் புலம்பெயர்ந்த குடும்பத்திற்கு இவ்விழப்பு சிறியதன்று. ஆயினும் இக்குறை பழக்கத்தால் வந்தது; கருவியின் மேல் மட்டும் பழி கூறல் ஆகாது. ஒரு சிறு ஒலிபெருக்கியில் இணைத்தால் அதே கருவி கூடத்திலும் பாடும்.

நம் தீர்ப்பு

கொள்ளளவில் முதற் கருவிகள் நமக்குப் போதாதவை, பின்வந்தவை போதுமானவை. ஒலித்தரத்தில் கவனமாக நிரப்பினால் நல்லவை. பெயரிடும் முறையில் நம்மை அறியாதவை. ஆனால் அக்கருவிகளுக்கு ஓர் உயர்ந்த குணம் இருந்தது. அவை வெறுமையாக வந்தன. எதனை நிரப்புவது என்பதை வீட்டாரே முடிவு செய்தனர். இன்று கைப்பேசி வழியே மாதக் கட்டணம் கட்டிக் கேட்கும் இசைக் கடல் மிகப் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கடலில் நம் பாட்டி பாடிய தாலாட்டு இல்லை. கட்டணம் நின்றால் கடலும் வற்றிவிடும். மலிவான கருவிகள் பலவற்றில் குரலைப் பதிவு செய்யும் சிறு ஒலிவாங்கியும் இருந்தது. விலையுயர்ந்த முதல் ஐபாட்டில் அது இல்லை. ஆக, மிகுந்த புகழ் பெற்றதைவிட மலிவானதே நம் தேவைக்கு நெருங்கியதாக இருந்தது.

எனவே அலமாரியில் உள்ள கருவியை உடனே எறிய வேண்டா. முதலில் அதனுள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எவரேனும் ஒருவருடைய குரல் அதில் பதிந்திருக்கலாம். மின்கலம் உப்பியிருந்தால் மின்னேற்றம் செய்ய முயல வேண்டா. அறிந்தவரிடம் கொடுத்துத் திறக்கச் செய்க. நெடுங்காலம் மின்சாரம் காணாத நினைவகம் தன் பதிவை மெல்ல இழக்கக்கூடும். ஆகவே உள்ளிருப்பதை விரைவில் கணினிக்கு மாற்றுவது நலம். மாற்றிய பின் கருவி போனாலும் கவலையில்லை. கருவி அழியும், எண்களாக எழுதிய இசை, இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் நிலைக்கும். எம்.பி.3 முறைக்கான காப்புரிமைகள் காலாவதியாகி அதன் உரிமக் கட்டணமும் 2017-இல் முடிந்துவிட்டது. அதனை ஒலிக்கும் கருவியை எவரும் கட்டணமின்றிச் செய்யலாம் என்பதால் அக்கோப்புகள் எளிதில் ஊமையாகா.

அடுத்து ஒலிநாடாக்கள். நன்னிலையில் உள்ள கேசட் கருவி ஒன்றை இரவல் பெற்று, அதன் இயர்போன் துளையிலிருந்து ஒரு கம்பியால் கணினியோடு இணைத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளால் பதிவு செய்யலாம். அறுபது நிமிட நாடாவிற்கு அறுபது நிமிடம் ஆகும். இதில் குறுக்கு வழி இல்லை. நொடிக்கு 1,92,000 பிட் வைத்தால் அத்தகைய ஒரு நாடா 86 மெகாபைட் கொள்ளும். ஐம்பது நாடாக்கள் சேர்ந்தாலும் நாலரைக் கிகாபைட்டைத் தாண்டா. ஒரு தலைமுறையின் குரல் முழுதும் விரல்நகம் அளவுள்ள நினைவட்டையில் அடங்கிவிடும். படி இரண்டு எடுங்கள். ஒன்று இங்கே இருக்கட்டும். மற்றொன்று வேறு ஊரில் வாழும் உடன்பிறந்தாரிடம் இருக்கட்டும்.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் வீட்டில் மூத்தவர் ஒருவர் தம் வாயால், பாடுபவர் இன்னார், உறவு இன்னது, ஊர் இன்னது, ஆண்டு இன்னது என்று தமிழில் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். எழுத்தறியாப் பேரனுக்கும் அது விளங்கும். எழுத்து முறைகள் மாறினாலும் அது மாறாது. சொல்லக்கூடிய மூத்தவர் வீட்டில் இருக்கும்போதே அதனைச் செய்துவிட வேண்டும். நாடா இன்னும் சில ஆண்டு பொறுக்கலாம். அக்குரல் யாருடையது என்று அறிந்தவரின் நினைவு அவ்வளவு நாள் பொறுக்குமா என்பதை ஒவ்வொரு வீட்டாரும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.